குருதி காட்டிய நோய்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அசாம், வங்காளம், பீகார் ஆகிய பகுதிகளில் காலா அசார் என்னும் கொடிய நோய் பரவியது. தமிழில் அதனைக் கருங்காய்ச்சல் என்பர். கண்ணுக்குப் புலப்படாத ஒட்டுண்ணி ஒன்று மண்ணீரலிலும் கல்லீரலிலும் புகுந்து பெருகும், வயிறு வீங்கும், உடல் மெலியும். மருந்தின்றிப் பிழைத்தவர் மிகச் சிலரே.

அந்நோயை எதிர்த்துப் போராடியவர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி. அவர் 1873ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை இரயில்வே மருத்துவர். உபேந்திரநாத் கணிதமும் வேதியியலும் கற்ற பின்னரே மருத்துவம் பயின்றார். பிறகு கல்கத்தாவின் காம்பெல் மருத்துவப் பள்ளியில் ஆசிரியராகவும் மருத்துவராகவும் பணியேற்றார்.

அக்காலத்தில் இந்நோயை உறுதிசெய்ய, மண்ணீரலிலோ கல்லீரலிலோ ஊசியைச் செலுத்திச் சிறிது சாறு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தனர். வீங்கிய மண்ணீரலில் ஊசி பட்டால், உள்ளே குருதி கசிந்து நோயாளி இறக்கவும் கூடும். நோயை அறியும் முயற்சியே உயிருக்கு இடராக இருந்தது.

உறுப்பைத் தொடாமல் அதனுள் நிகழ்வதை அறிய பிரம்மச்சாரி குருதியை நாடினார். ஒட்டுண்ணியை எதிர்க்க முனையும் உடல், குளோபுலின் என்னும் புரதத்தை மிகுதியாக உண்டாக்கிக் குருதியில் கலக்கிறது. குருதி உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை எடுத்து, அதனுடன் காய்ச்சி வடித்த நீரை அவர் சேர்த்தார். உப்பு குறைந்த நீரில் அப்புரதம் கரைந்து நில்லாது. ஆதலால் நோயாளியின் குருதிநீர் பால்போல் கலங்கியது. நலமுடையவரின் குருதிநீர் அவ்வளவு கலங்கவில்லை. சோதனைக் குழாயும் வடிநீருமே இதற்குப் போதும். எனினும் நோயின் தொடக்க நாள்களில் இச்சோதனை ஏமாற்றலாம். வேறு சில நோய்களிலும் குளோபுலின் கூடும். ஆகவே ஊசியை அடியோடு கைவிட இயலவில்லை.

நோயை அறிந்தால் மட்டும் போதுமா? மருந்தும் வேண்டுமே! மின்விளக்கும் தண்ணீர்க் குழாயும் இல்லாத சிற்றறையில், மண்ணெண்ணெய் விளக்கொளியில் அவர் ஆய்வு செய்தார். வேதியியல் கல்வி அங்கே கைகொடுத்தது. ஆன்டிமனியையும் யூரியாவையும் கொண்டு யூரியா ஸ்டிபமைன் என்னும் மருந்தை ஆக்கி, 1922ஆம் ஆண்டு அதன் பயனை வெளியிட்டார். அசாமில் அம்மருந்தால் பல்லாயிரவர் பிழைத்தனர். 1929ஆம் ஆண்டு நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை. 1946ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

இன்று பீகாரின் ஊரக மருத்துவமனைகளில், விரல்நுனியில் எடுக்கும் ஒரு துளிக் குருதியைச் சிறு பட்டையில் இட்டு, நோயை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் உள்ளதா எனச் சில நிமிடங்களில் கண்டறிகின்றனர்.