வினையும் கைத்தொண்டும்
திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் வாழ்க்கை காட்டும் நெறி

மழை பொய்த்தால் விதி, வலையில் மீன் படாவிட்டால் விதி, பிள்ளைக்குத் தீராத நோய் வந்தால் முன்வினை என்று சொல்லி மனத்தை ஆற்றிக்கொள்வது மன்னார்க் கரையில் வாழும் மக்களிடம் பரம்பரையாக வரும் வழக்கம். வினை உண்டு என்பதைச் சைவசித்தாந்தமும் ஒப்புகின்றது. ஆனால், எல்லாம் வினை என்றால் மனிதன் செய்யத்தக்கது ஒன்றுமே இல்லையா? பிறர் துன்பத்தைக் கண்டு, அது அவர் செய்த வினை என்று விலகிப் போவது சைவநெறி ஆகுமா? இவ்வினாக்களுக்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்தவர் திருக்கேதீச்சரப் பெருமானைப் பாடிய திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் ஆவார்.

சம்பந்தப் பெருமான் கி.பி. 7ஆம் நூற்றாண்டில் சோழநாட்டுச் சீகாழியில் சிவபாத இருதயருக்கும் பகவதியாருக்கும் திருமகனாக அவதரித்தார். வாதாபிப் போரில் பல்லவர் படையை நடத்திய சிறுத்தொண்ட நாயனார் அவரைத் தம் இல்லத்தில் வரவேற்று உபசரித்தவர். அப்போர் நிகழ்ந்தது 642ஆம் ஆண்டளவில் என்பதால் அவர் வாழ்ந்த காலம் தெளிவாகின்றது. மூன்றாவது வயதில், குளக்கரையில் தந்தையாரைக் காணாது அழுத குழந்தைக்கு உமையம்மையார் ஞானப்பால் ஊட்டியருளிய வரலாற்றைச் சேக்கிழார் சுவாமிகள் பெரியபுராணத்தில் விரித்துரைக்கின்றார். அன்று தொடங்கித் தலந்தோறும் சென்று பதிகம் பாடுவதே அவருடைய வாழ்க்கையாயிற்று.

திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் மனைவியார் மதங்கசூளாமணியாரோடு சீகாழிக்கு வந்து பிள்ளையாரை வணங்கினார். பாணர் குலத்தவரைத் தாழ்வாகக் கருதிய காலம் அது. பிறந்த குலம் முன்வினையின் பயன் என்று சொல்லி மனிதரை வாசலில் நிறுத்துவது எளிது. பிள்ளையார் அவ்வாறு செய்யவில்லை. தாம் பாடும் பதிகங்களை யாழில் இசைக்கும் பணியை அவரிடம் ஒப்படைத்து, வாழ்நாள் முழுவதும் தம்முடன் வைத்துக்கொண்டார். திருச்சாத்தமங்கையில் அந்தணராகிய திருநீலநக்க நாயனார் வீட்டில் தங்கியபோது, பாணருக்கும் அவர் மனைவியாருக்கும் தங்க இடம் தரும்படி கேட்டார். நீலநக்கர் தாம் வேள்வி செய்யும் வேதிகையின் அருகிலேயே இடங்கொடுத்தார். அவிந்து போகாத அந்த வேள்வித்தீ முன்னிலும் பொலிந்து வலஞ்சுழித்து எழுந்தது என்கிறது பெரியபுராணம். பிறப்பைக் காரணங்காட்டி ஒருவரை ஒதுக்குவோருக்கு அந்தத் தீயே விடை சொல்லிற்று.

வினையைப் பற்றிய நேரான விடையை அவர் தந்த இடம் கொங்குநாட்டுக் கொடிமாடச்செங்குன்றூர். இன்று அது திருச்செங்கோடு எனப்படுகின்றது. பனிக்காலத்தில் அங்கே குளிர்சுரம் பரவி, உடன் வந்த அடியார்களும் வருந்தினர். இந்நாட்டில் இந்தப் பருவத்தில் இது இயல்பு என்று அவர்கள் விண்ணப்பித்தனர். பிள்ளையாரோ அந்த இயல்பை ஏற்றுக்கொண்டு இருக்கவில்லை. திருநீலகண்டத் திருப்பதிகத்தை அருளினார். செய்த வினைக்கு இது பயன் என்று பேசிக்கொண்டு, தப்பும் வழியைத் தேடாமல் இருப்பதே குறை என்பது அப்பதிகத்தின் தொடக்கக் கருத்து. அத்துடன் நில்லாமல், கையால் தொண்டு செய்து இறைவனைப் போற்றவேண்டும் என்றும், சோலை வைத்தலும் குளந்தோண்டலும் கனிந்த மனத்தோடு செய்யும் பணிகள் என்றும் பாடுகின்றார். சுரம் அடியார்களை மட்டுமன்றி அந்நாட்டையே விட்டு நீங்கியது என்பர்.

இங்கே ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பிள்ளையார் வினையை மறுக்கவில்லை. வினை என்று சொல்லிச் சும்மா இருப்பதைத்தான் மறுத்தார். சைவசாத்திரம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாக வகுக்கின்றது. கமக்காரனுக்கு இது எளிதில் விளங்கும். பல போகங்களில் விளைந்து களஞ்சியத்தில் கிடக்கும் நெல் சஞ்சிதம். அதிலிருந்து எடுத்து இன்று உலையில் இட்டது பிராரத்தம். இந்தக் காலபோகத்தில் விதைப்பது ஆகாமியம். உலையில் இட்டதை உண்டே தீரவேண்டும். ஆனால், எதை விதைப்பது என்பது விதைப்பவன் கையில் இருக்கின்றது. வினை தானாக வந்து ஒருவரைப் பற்றுவதுமில்லை. அதைக் கூட்டுவிப்பவன் இறைவன். ஆதலால் அவனிடம் முறையிடவும் வழியுண்டு.

திருமருகலில் ஒரு பெண்ணின் அழுகுரல் பிள்ளையாரின் காதில் விழுந்தது. அவள் தந்தை தம் ஏழு பெண்களில் ஒருத்தியை மருமகனுக்குத் தருவதாகச் சொல்லிச் சொல்லி, மூத்த அறுவரையும் பொருளுக்காகப் பிறருக்குக் கொடுத்துவிட்டார். மனமிரங்கிய இளையவள் தானே முடிவெடுத்து அந்த இளைஞனோடு புறப்பட்டாள். வழியில் தங்கிய இரவில் பாம்பு தீண்டி அவன் இறந்துபட்டான். பெற்றோரை விட்டு வந்ததன் பயன் இது என்று ஊர் சொல்லக்கூடும். பிள்ளையார் குற்றம் விசாரிக்கவில்லை. அவளுடைய துயரைக் கேட்டார், பதிகம் பாடினார், விடம் நீங்கி எழுந்தவனுக்கே அவளை மணஞ்செய்து வைத்தார்.

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அப்பரும் சம்பந்தரும் இறைவன் அளித்த படிக்காசைக் கொண்டு தத்தம் மடங்களில் அடியார்களுக்கு அமுதளித்தனர். சம்பந்தர் பெற்ற காசுக்குக் கடையில் வட்டம் கேட்டதால், அவர் மடத்தில் உணவு பிந்தியது. கிடைத்தது இவ்வளவுதான் என்று அவர் இருந்துவிடவில்லை. பிறர் பசி ஒரு நாழிகையும் நீளக்கூடாது என்பதற்காக, இறைவனிடமே வாசியில்லாத நல்ல காசு வேண்டிப் பாடிப் பெற்றார்.

பாண்டிநாட்டிலிருந்து மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் அழைப்பு அனுப்பியபோது அவர் திருமறைக்காட்டில் இருந்தார். நாளும் கோளும் நன்றாக இல்லை என்று அப்பர் பெருமான் அன்பினால் தடுத்தார். சிவனை உள்ளத்தில் கொண்ட அடியாருக்கு எல்லாக் கோள்களும் நல்லனவே என்று கோளறு பதிகம் பாடி, பிள்ளையார் அன்றே புறப்பட்டார். மதுரையில் அவர் தங்கிய மடத்துக்கு இரவில் தீ வைத்தனர். வைத்தவர் வேறு, ஆயினும் நாட்டைக் காக்கும் பொறுப்பு அரசனுடையது. ஆதலால் அத்தீ வெப்புநோயாக மெல்ல மன்னனையே சென்றடைய அருளினார். பின்னர் அந்நோயைத் திருநீற்றால் தீர்த்தவரும் அவரே. பதவியில் இருப்பவர் தம் பொறுப்பை விதியின்மேல் போட்டுத் தப்பமுடியாது என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

அதன்பின் பிள்ளையார் இராமேச்சரம் வந்து, அங்கிருந்தபடியே கடலுக்கு இப்பால் உள்ள திருக்கோணமலையையும் மாதோட்டத்துத் திருக்கேதீச்சரத்தையும் பாடினார். கேதீச்சரத்தைக் கைகூப்பி வணங்குவோரைக் கொடிய வினைகள் அணுகமாட்டா என்பது முதற்பாட்டின் பொருள். கைகள் குவிவதோடு வேலை முடிவதில்லை என்பதை அவருடைய வாழ்க்கை முழுவதும் காட்டியது. பதினாறாவது வயதில் நல்லூர்ப்பெருமணத்தில் திருமணம் நிகழ்ந்த அன்று சிவசோதி தோன்றியபோது, அவர் தனியே புகவில்லை. மணத்துக்கு வந்த எல்லோரையும் முன்னே புகச்செய்து, தாம் இறுதியில் புகுந்தார். வைகாசி மூலம் அவருடைய குருபூசை நாள்.

அவர் பாடிய கேதீச்சரத்துக்கும் விதிப்பயன் என்று சொல்லத்தக்க காலம் வந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் அதை இடித்தனர். கற்கள் மன்னார்க் கோட்டைக்குப் போயின என்பது வழிவழி வரும் செய்தி. ஏறக்குறைய 300 ஆண்டுகள் அவ்விடம் காடாகக் கிடந்தது. 1872இல் ஆறுமுக நாவலர், பாடல்பெற்ற தலம் பாழாய்க் கிடக்கப் புதுக்கோயில்கள் எழுப்புவதைக் கண்டித்துச் சைவமக்களைத் தட்டியெழுப்பினார். 1879இல் அவர் இறைபதம் எய்தியதால் பலனைக் கண்ணால் காணவில்லை. ஆயினும் அவர் விதைத்தது முளைத்தது. 1893இல் சைவமக்கள் அந்நிலத்தை விலைகொடுத்து வாங்கினர். 1948இல் திருப்பணிச்சபை தோன்றியது. 1976இல் கும்பாபிடேகம் நிறைவேறியது. 1990இல் போர் மக்களை ஊரைவிட்டே பெயர்த்தது. திரும்பி வந்தவர்கள் மீண்டும் விளக்கேற்றினர். 2022 ஆடி பிறக்குமுன், யூலை மாதத்தில், கருங்கற் கோயிலுக்குக் கும்பாபிடேகம் கண்டனர்.

மழை தருவது இறைவன் அருள். அதைத் தேக்கிவைக்கும் கட்டுக்கரைக்குளத்தைக் கட்டியவை மனிதக் கைகள். குளம் இல்லாவிட்டால் பெய்த மழையும் கடலுக்கே போகும். வினையும் அருளும் முயற்சியும் சேர்ந்து நிற்கும் விதம் இதுதான். தனக்கு வந்த துன்பத்தை வினையென்று பொறுத்துக்கொள்வது தவம். பிறருக்கு வந்ததை வினையென்று விட்டுவிடுவது குற்றம். அடுத்த வீட்டில் அடுப்பு எரியாதபோதும், பாதையோரம் ஒருவர் சுரத்தோடு கிடக்கும்போதும், குளக்கட்டு உடைந்து நிற்கும்போதும், சீகாழிப் பிள்ளையாரின் அடியவர் கேட்கவேண்டியது யார் செய்த வினை என்பதன்று. தாம் செய்யவேண்டிய கைத்தொண்டு எது என்பதே.

திருச்சிற்றம்பலம்.