நாபியில் எழுந்த நாதம்: ஸங்கீத கலாநிதி ஸ்ரீ அரியக்குடி ராமாநுஜ ஐயங்கார்

ஆண்டாள் அருளிச்செய்த திருப்பாவையை இசையோடு பாடி மகிழும் அடியார்கள் நன்றியோடு நினைக்க வேண்டியவர் ஸ்ரீ அரியக்குடி ராமாநுஜ ஐயங்கார். காரைக்குடியை அடுத்த, திருவேங்கடமுடையான் கோயில்கொண்டுள்ள அரியக்குடியில் 1890-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் அவர் பிறந்தார்.

புதுக்கோட்டை மலையப்ப ஐயரிடமும் நாமக்கல் நரசிம்ம ஐயங்காரிடமும் பயின்ற பின், ஸ்ரீ தியாகப்பிரம்மத்தின் சிஷ்ய பரம்பரையில் வந்த ராமநாதபுரம் பூச்சி ஸ்ரீநிவாஸ ஐயங்காரிடம் பல்லாண்டுகள் குருகுலவாஸம் செய்தார்.

ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கல்யாணப் பந்தலிலும் கோயில் மண்டபத்திலும் கடைசியில் அமர்ந்தவருக்கும் ஸாஹித்யம் எட்ட வேண்டுமானால், பாடுபவரின் சாரீரம் ஒன்றே துணை. தொண்டையை இறுக்கிக் கத்தினால் அருகில் இருப்பவரின் செவி நோகும். தொலைவில் இருப்பவருக்குச் சொல் விளங்காது. ஆதலால் விடியற்காலையில் தம்பூராவின் சுருதியில் மனத்தை நிறுத்தி, வாயை நன்கு திறந்து, நாபியிலிருந்து மூச்சை நிதானமாக எழுப்பி அகார ஸாதகம் செய்வது அக்கால வழக்கம். சுருதியோடு இழைந்த குரல் கத்தாமலே தூண்களைக் கடந்து செல்லும்.

ஐயங்கார் வர்ணத்தில் தொடங்கி, கிருதிகள், ராகம் தானம் பல்லவி, துக்கடாக்கள் என்று கச்சேரிக்கு ஓர் ஒழுங்கை நிலைபெறச் செய்தார். தொடக்கத்தில் பாடும் வர்ணம் சாரீரத்தையும் பக்குவப்படுத்தும். 1938-இல் ஸங்கீத கலாநிதி விருதும், 1958-இல் பத்மபூஷண் விருதும் அவரை வந்தடைந்தன.

1930-களிலிருந்து சபைகளில் ஒலிபெருக்கி பரவியது. உரக்கப் பாட வேண்டிய தேவை குறைந்தது. மெல்லிய சாரீரம் உடையோரும் பெருங்கூட்டத்தில் பாட முடிந்தது. இது பெரும் நன்மையே. ஆயினும் ஸாதகம் குறைந்தால் கருவி அக்குறையை மறைக்காது, பெரிதாக்கிக் காட்டும். ஐயங்காருக்கு நெடுங்காலம் பக்கவாத்தியம் வாசித்த பாலக்காடு மணி ஐயர், 1960-களில் ஒலிபெருக்கி இல்லாத கச்சேரியே வேண்டுமென்று உறுதியாக நின்றார்.

திருப்பாவை முப்பது பாசுரங்களுக்கும் ஐயங்கார் இசையமைத்தார். முதல் ஐந்தும் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீராகம் என்று, தியாகப்பிரம்மத்தின் பஞ்சரத்தின ராக வரிசையிலேயே அமைந்தன. 1967-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் அவர் பரமபதம் அடைந்தார். எம். எல். வஸந்தகுமாரி பாடிய ஒலிப்பதிவின் வாயிலாக அந்த மெட்டுகள் பட்டிதொட்டியெங்கும் பரவின.

வேலூர், ஆம்பூர் முதலிய பாலாற்றங்கரை ஊர்களிலும் இன்று மார்கழி விடியலில் ஒலிபெருக்கி முழங்குகிறது. மின்சாரம் நின்ற கணத்தில் கோஷ்டியும் வாயடைத்துப் போகுமானால், பாசுரம் கருவியில் இருந்ததேயன்றி நம்மிடம் இல்லை என்றாகும். நம் இல்லத்துக் குழந்தைகள் நாள்தோறும் ஒரு பாசுரத்தையேனும் கருவியின்றி, வாய் திறந்து, சொல் சிதையாமல் சேவிக்கப் பழகுவார்களாக. ஐயங்காருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.