பழைய பொருளில் புதுமை கண்ட குன்பெய் யோகோய்

பெரியோர் வாழ்க்கை வரலாறு நமக்கெல்லாம் வழித்துணை. அரசர்களும் அறிஞர்களும் நம் கல்லூரி மலரில் ஆண்டுதோறும் இடம்பெறுகின்றனர். இவ்வாண்டு நான் எழுத எடுத்துக்கொண்டவரோ விளையாட்டுப் பொருள் செய்தவர். இதுவும் ஒரு வரலாறா என்று நண்பர்கள் நகைக்கலாம். சற்றுப் பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன்.

ஜப்பான் நாட்டின் பழம்பெரும் நகரான கியோட்டோவில் 1941-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் குன்பெய் யோகோய் பிறந்தார். தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் பயின்று, 1965-இல் நின்டெண்டோ நிறுவனத்தில் சேர்ந்தார். இன்று உலகறிந்த அந்நிறுவனம் 1889-இல் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கப்பட்டதாகும். சீட்டு செய்யும் எந்திரங்களைப் பழுதின்றிப் பராமரிப்பதே யோகோய்க்குக் கிடைத்த வேலை.

இவ்விடத்தில் என் தந்தையார் நினைவுக்கு வருகிறார். செஞ்சி வட்டாரத்தில் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் காயில் கட்டித் தருபவர் அவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மோட்டார் பழுதுபார்ப்பவர் மகள் என்று சொல்லிக்கொள்ள முதலாண்டில் கூச்சப்பட்டேன். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

ஓய்வு நேரத்தில் யோகோய், குறுக்குச் சட்டங்கள் விரிந்து நீளும் ஒரு பற்றுக்கையைத் தம் பொழுதுபோக்குக்காகச் செய்தார். நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி அதைப் பார்த்துவிட்டார். கண்டிப்பதற்குப் பதிலாக, அதையே விற்பனைப் பொருளாக்கச் சொன்னார். 1966-இல் வெளிவந்த அது பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. பழுதுபார்ப்பவர் படைப்பாளர் ஆனார்.

ஒருநாள் ரயிலில், பொழுது போகாத பயணி ஒருவர் கணிப்பொறிக் கருவியாம் கால்குலேட்டரின் பொத்தான்களை அழுத்தி விளையாடக் கண்டாராம். அக்காலத்தில் கால்குலேட்டர் நிறுவனங்களின் போட்டியால் அதன் திரவப் படிகத் திரையும் சில்லும் மலிந்திருந்தன. அவற்றைக் கொண்டே 1980-இல் கேம் அண்டு வாட்ச் என்னும் கையடக்க விளையாட்டை உருவாக்கினார். கால்குலேட்டரில் எண்ணின் கோடுகள் தோன்றி மறைவது போல, இதில் முன்பே பொறித்து வைத்த உருவங்கள் தோன்றி மறையும். அவ்வளவே! 1982-இல் அவர் அமைத்த கூட்டல் குறி வடிவப் பொத்தான், பின்வந்த விளையாட்டுக் கருவிகள் பலவற்றிலும் இடம்பெற்றது.

புதுமையின் பகட்டு வாடி, விலை குறைந்து, நிறையும் குறையும் நன்கு தெரிந்துவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்து, எவரும் நினையாத வேறொரு பணிக்குப் பயன்படுத்த வேண்டும். இதுவே அவர் கொள்கை. 1989-இல் வந்த கேம் பாய் அக்கொள்கையின் வெற்றிக்கொடி எனலாம். வண்ணமில்லை, நான்கு சாயல்களே. அகலத்தில் 160, உயரத்தில் 144 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே வரையாமல், எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களைச் செய்து, கோல அச்சு போல வேண்டிய இடமெல்லாம் திரும்பத் திரும்பப் பதிப்பார்கள். ஒரு கட்டத்துக்கு 16 பைட் நினைவகம் போதும்.

அதே ஆண்டில் அட்டாரி லின்க்ஸ் வண்ணத் திரையோடு வந்தது. அடுத்த ஆண்டு சேகா கேம் கியரும் வந்தது. இரண்டுக்கும் ஆறு பென்சில் செல் வேண்டும். சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாய்க்கு நான்கே செல். பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். அமெரிக்காவில் லின்க்ஸின் விலை ஏறக்குறைய 180 டாலர். கேம் பாயின் விலை 90. கேம் பாயும் அதன் பின்வந்த வண்ண வடிவமும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்றன.

தேசிங்கு ராஜனின் குதிரை ராஜகிரி ஏறுவதாக ஒரு விளையாட்டு செய்யவேண்டும் என்பது என் ஆசை. லட்ச ரூபாய்க் கணிப்பொறி இல்லாமல் ஆகாது என்று பயிற்சி நிலையம் ஒன்றில் கூறிவிட்டனர். அம்மா தம் காதிலிருந்த கம்மலைக் கழற்றிவிட்டார். அடகு வைக்க மனம் ஒப்பாமல், படிப்பையே விட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலைக்குப் போகலாம் என்று துணிந்திருந்தேன். அந்நாளில்தான் யோகோயின் வரலாற்றைப் படித்தேன். வரைபடத் தாளில் பதினாறுக்குப் பதினாறு கட்டமிட்டுக் குதிரையை வரைந்தேன். நான்கு அச்சுகள், 64 பைட்! கம்மல் அம்மாவின் காதுக்கே திரும்பியது.

யோகோய்க்கும் தோல்வி வந்தது. 1995-இல் அவர் படைத்த வர்ச்சுவல் பாய், ஆழம் தெரியும் காட்சியைக் கண்முன் காட்டியது. மலிவான சிவப்பு ஒளி டையோடுகளையே அதிலும் பயன்படுத்தினார். ஆனால் பார்த்தவர்க்குக் கண் வலித்தது. விற்பனை பத்து லட்சத்தை எட்டவில்லை. மலிவு மட்டும் போதாது. ஆடுபவரின் உடலும் மனமும் ஏற்கவேண்டும் என்பதே அதன் பாடம்.

1996-இல் நிறுவனத்தை விட்டு விலகி, கோட்டோ என்ற சொந்த நிறுவனம் தொடங்கினார். 1997-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் சாலை விபத்தில் தமது 56-ஆம் வயதில் மறைந்தார். பண்டாய் நிறுவனத்துக்காக அவர் உருவாக்கத்தில் பங்குகொண்ட வொண்டர்ஸ்வான் 1999-இல் வெளிவந்தது. அது ஓட ஒரே ஒரு பென்சில் செல் போதுமானதாக இருந்தது. இறுதிவரை கொள்கை மாறாதவர்!

என் குதிரை நம் ஆய்வகக் கணிப்பொறியில் இப்போது நடக்கிறது. மலை ஏற இன்னும் கற்கவில்லை. வரைபடத் தாளைப் பார்த்த அப்பா, கட்டம் எண்ணுவதும் காயிலின் சுற்று எண்ணுவதும் ஒரே வேலைதான் என்றார். நண்பர்களே, இல்லாததை எண்ணி ஏங்கும் நேரத்தில், கையில் இருப்பதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நான் மோட்டார் பழுதுபார்ப்பவர் மகள். இன்று அதைப் பெருமையோடு இம்மலரில் எழுதுகிறேன்.