குருதி சொல்லும் உண்மை

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை நோக்கிக் காலையிலே திரள் திரளாகச் செல்லும் தொழிலாளத் தோழர்களைப் பாருங்கள். கழுத்திலே அடையாள அட்டை தொங்குகிறது. அதிலே பெயர், படம், அவற்றுக்குக் கீழே சின்ன எழுத்திலே இரத்த வகை. விபத்து நேர்ந்தால் உயிரைக் காப்பதற்காகப் பொறிக்கப்பட்ட எழுத்து அது. ஆனால் அதே எழுத்து சில வீடுகளிலே குடும்பத்தைக் குலைக்கும் எழுத்தாகவும் மாறிவிடுகிறது. தகப்பன் ஏ வகை, தாய் பி வகை, பிறந்த குழந்தையோ ஓ வகை! உடனே சந்தேகம், உடனே சண்டை. பழியோ, வழக்கம்போலப் பெண்ணின் தலையிலே!

இந்த அநியாயத்தைத் தடுக்கும் அறிவு நூறாண்டுகளுக்கு முன்பே உலகுக்குக் கிடைத்துவிட்டது. அதற்கு வித்திட்ட பேரறிஞர் கார்ல் லாண்ட்ஸ்டைனர். அவருடைய வரலாறு தொழிலாளர் வீடுகளிலே பேசப்படவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

1868ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவிலே, ஒரு யூதக் குடும்பத்திலே அவர் பிறந்தார். தந்தை பத்திரிகைத் தொழிலிலே பேர் பெற்றவர். பிள்ளைக்கு ஆறு வயது ஆனபோது அவர் மறைந்துவிட்டார். வளர்த்து ஆளாக்கியவர் தாய். அந்தத் தாயின் மீது மகன் கொண்ட பற்று கடைசி நாள்வரை குறையவில்லை. தாய் இறந்தபோது எடுத்த முகவார்ப்பைத் தம் அறைச் சுவரிலேயே மாட்டி வைத்திருந்தார்.

1891இல் மருத்துவப் பட்டம் பெற்றார். கைராசி டாக்டராகிக் காசு குவித்திருக்கலாம். அவரோ இரசாயனம் கற்க ஊர் ஊராய்ச் சென்றார். பின்னர் வியன்னாவிலே பிணப்பரிசோதனை அறையிலே பத்தாண்டுகள் உழைத்தார். சுமார் 3,600 உடல்களை அறுத்து ஆராய்ந்தார். 1911இல் பேராசிரியர் என்ற பட்டம் கொடுத்தார்கள், அதற்குரிய சம்பளம் மட்டும் கொடுக்கவில்லை! பட்டம் ஒருபக்கம், பட்டினி ஒருபக்கம் என்பது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல என்று தோழர்கள் தெரிந்துகொள்ளலாம்.

அக்காலத்திலே ஒருவர் இரத்தத்தை இன்னொருவருக்குச் செலுத்துவது சூதாட்டம் போன்றது. சிலர் பிழைத்தனர், பலர் மாண்டனர். காரணம் தெரியாமல் மருத்துவ உலகம் கையைப் பிசைந்து நின்றது. லாண்ட்ஸ்டைனர் தம் இரத்தத்தையும் உடன் வேலை செய்தவர்களின் இரத்தத்தையும் எடுத்து, ஒருவருடைய தெளிநீரிலே மற்றவருடைய சிவப்பணுக்களைக் கலந்து பார்த்தார். சில கலவைகள் அப்படியே இருந்தன, சில திரிந்த பாலைப் போலக் கட்டி கட்டியாயின. 1901இலே உண்மையை வெளியிட்டார்: மனித இரத்தம் ஒரே வகை அன்று. மூன்று வகைகளை அவர் கண்டார். நான்காவதான ஏபி வகையை அடுத்த ஆண்டே அவருடன் தொடர்புடைய இருவர் கண்டனர்.

இந்த வகை பிள்ளைக்கு எப்படி வருகிறது? 1910இலே டுங்கர்ன், ஹிர்ஷ்ஃபெல்டு என்ற இருவர் குடும்பம் குடும்பமாகச் சோதித்து, இது பெற்றோர் வழி வருவதே என்று நிறுவினர். 1924இலே பெர்ன்ஸ்டைன் என்ற கணித மேதை அதன் விதியைத் தெளிவாக்கினார்.

விதி எளிது. ஒவ்வொருவரிடமும் இரண்டு சீட்டுகள் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தாய் கொடுத்தது, மற்றொன்று தகப்பன் கொடுத்தது. ஏ சீட்டும் பி சீட்டும் தம்மை வெளியே காட்டிக்கொள்ளும். ஓ சீட்டோ மௌனமாக இருக்கும். ஏ-யும் ஓ-வும் வைத்திருப்பவர் அட்டையிலே ஏ வகை. பி-யும் ஓ-வும் வைத்திருப்பவர் பி வகை. இந்த இருவரும் மணந்துகொண்டால், இருவருமே தம்மிடம் மறைந்திருக்கும் ஓ சீட்டைப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடும். அப்போது குழந்தை ஓ வகை! ஒரே தம்பதிக்கு ஏ, பி, ஏபி, ஓ என நான்கு வகைப் பிள்ளைகளும் பிறக்கலாம். இதிலே தாயின் குற்றம் எங்கே? பாசிட்டிவ் பெற்றோருக்கு நெகட்டிவ் குழந்தை பிறப்பதும் இதே கணக்குத்தான்.

சரி, விதிக்கு மாறாக, ஏபி தகப்பனுக்கு ஓ குழந்தை என்று அட்டை காட்டினால்? அப்போதும் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுத முடியாது. சோதித்தவர் கை தவறியிருக்கலாம், எழுதியவர் கை தவறியிருக்கலாம். அதோடு, 1952இலே நம் நாட்டுப் பம்பாயிலே டாக்டர் பெண்டேயும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு புதுமையைக் கண்டார்கள். வழக்கமான சோதனையிலே ஓ போலத் தோன்றும், ஆனால் ஓ இரத்தத்தைச் செலுத்தினாலும் ஏற்காது! ஏ, பி சீட்டுகள் உள்ளே இருந்தாலும் அவை வெளியே தெரிய வழியில்லாத அபூர்வ இரத்தம் அது. பம்பாய் வகை என்றே உலகம் அதற்குப் பெயரிட்டது. இந்தியாவிலே ஏறத்தாழப் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்கிறார்கள். ஆகவே அட்டையை வைத்துக்கொண்டு வீட்டிலே நீதிபதியாக உட்கார எவருக்கும் தகுதி இல்லை.

லாண்ட்ஸ்டைனரின் கதைக்கு வருவோம். முதல் உலகப் போர் முடிந்தது, வியன்னாவிலே பசி தலைவிரித்தாடியது. 1919இலே மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு ஹாலந்து சென்று, ஒரு சிறு மருத்துவமனையிலே வேலை பார்த்தார். பிறகு நியூயார்க்கிலே ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையம் அவரை அழைத்துக்கொண்டது. 1930இலே நோபல் பரிசு வந்தது. கண்டுபிடித்து ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழித்து!

பரிசோடு அவர் ஓயவில்லை. 1940இலே வீனர் என்ற இளைஞரோடு சேர்ந்து ஆர்.எச். என்னும் அம்சத்தைக் கண்டறிந்தார். அட்டையிலே பாசிட்டிவ், நெகட்டிவ் என்று இருப்பது அதுதான். தாய் நெகட்டிவ், வயிற்றிலே வளரும் பிள்ளை பாசிட்டிவ் என்றால், பெரும்பாலும் முதல் பிள்ளை தப்பிவிடும். அடுத்தடுத்த பிள்ளைகளுக்கு ஆபத்து. குழந்தைகள் தங்காத பெண்களை ராசி கெட்டவள் என்று தூற்றிய ஊர்கள் எத்தனை! அவற்றிலே சில வீடுகளின் துயரத்துக்குக் காரணம் இந்த இரத்த முரணாகவும் இருந்திருக்கும். 1968 முதல் இதைத் தடுக்கும் ஊசி வந்துவிட்டது. மனைவி நெகட்டிவ் என்றால், கருவுற்றவுடனேயே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

1943 ஜூன் 24 அன்று, எழுபத்தைந்தாம் வயதிலே, ஆய்வுக்கூடத்திலே கருவியும் கையுமாக இருந்தபோதே அவருடைய இதயம் தாக்குண்டது. இரண்டு நாளிலே மறைந்தார். உழைக்கும் இடத்திலேயே சாய்ந்த உழைப்பாளி அவர்!

அவர் மூச்சு விட்ட அந்த நாட்களிலே உலகம் எப்படி இருந்தது? ஜெர்மனியிலே இட்லர் கூட்டம் தூய இரத்தம் என்று கூவி யூதர்களைக் கொன்று குவித்தது. அமெரிக்காவிலோ நீக்ரோ மக்கள் கொடுத்த இரத்தத்தைத் தனியே பிரித்து வைத்தார்கள். பல ஆண்டுகள் அந்த அவமானம் நீடித்தது. நம் நாட்டிலே முகத்திலே பிறந்தவன், காலிலே பிறந்தவன் என்று கட்டிய கதை இன்னும் சாகவில்லை. ஆனால் லாண்ட்ஸ்டைனரின் கண்ணாடித் துண்டு என்ன சொல்லிற்று? அக்கிரகாரத்திலும் அதே நான்கு வகை, சேரியிலும் அதே நான்கு வகை, எண்ணூர்க் குப்பத்திலும் அதே நான்கு வகை. விகிதம் கூடலாம், குறையலாம். சாதிக்கென்று தனி இரத்தம் கிடையவே கிடையாது. உடன்பிறந்த அண்ணனின் இரத்தம் சேராதபோது, ஊர்பேர் தெரியாத ஒருவரின் இரத்தம் சேர்ந்து உயிரைக் காக்கிறதே!

2004 முதல் அவர் பிறந்த ஜூன் 14 உலகக் குருதிக் கொடையாளர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்த நாளிலே வடசென்னைத் தோழர்கள் ஸ்டான்லி மருத்துவமனையின் இரத்த வங்கிக்குத் திரண்டு செல்லட்டும். அதற்கு முன்பாக, பிள்ளையின் வகையைச் சொல்லி மனைவியைத் துன்புறுத்தும் நண்பன் எவனாவது உங்கள் ஷிப்டிலே இருந்தால், அவனை அருகே அழைத்து இந்தச் சீட்டுக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். குருதி கொடுப்பதற்கு ஈடான தொண்டு அது!