கல்லூரி வாசல் மிதிக்காத கல்வி வள்ளல்

நம் காஞ்சிபுரத்தில் பச்சையப்பன் என்ற பெயரைக் கேட்காதவர் கிடையாது. பள்ளிக்கூடம் அந்தப் பெயரில், கல்லூரியும் அந்தப் பெயரில். ஆனால் பச்சையப்பர் யார் என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் முழிப்போம். அந்தக் குறை தீரவே இந்தச் சிறு கட்டுரை.

பச்சையப்ப முதலியார் 1754-ஆம் ஆண்டு பெரியபாளையத்தில் பிறந்தார். அவர் பிறக்கும் முன்பே தகப்பனார் விசுவநாத முதலியார் காலமாகிவிட்டார். தாய் பூச்சியம்மாள் பிள்ளைகளோடு அடுத்தவர் ஆதரவில்தான் நாட்களைத் தள்ளினார். பிறகு சென்னைக்கு வந்தார்கள். அங்கே பவுனி நாராயண பிள்ளை என்ற பெரியவர் சிறுவனைச் சேர்த்துக்கொண்டு கணக்கும் இங்கிலீஷும் பழக்கினார். அதுதான் அவருக்குப் பள்ளி, அதுதான் கல்லூரி.

அந்தப் படிப்பைக் கொண்டு அவர் துபாஷி ஆனார். துபாஷி என்றால் வெள்ளைக்காரருக்கும் நம்மவருக்கும் நடுவில் பேச்சையும் வியாபாரத்தையும் நடத்திக் கொடுப்பவர். வரி வசூல் காரியங்களிலும் இறங்கி தஞ்சாவூர் வரை போனார். பெரும் பணம் சேர்ந்தது. ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தக் காலத்து வரிப்பணம் என்பது ஏழைக் குடியானவன் வியர்வைதான். ஆனால் சேர்த்ததைத் தனக்கே என்று அவர் பூட்டி வைக்கவில்லை. 1794 மார்ச்சில், நாற்பது வயதில், உயிலில் தன் சொத்தைக் கோயில் கைங்கரியங்களுக்கும் ஏழைகளுக்கும் தர்மத்துக்கும் எழுதி வைத்துவிட்டு அதே மாதம் திருவையாற்றில் கண் மூடினார்.

உயில் எழுதியாச்சு, தர்மம் நடந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை! சொந்தக்காரர்களும் பொறுப்பில் இருந்தவர்களும் சொத்துக்காகச் சண்டை போட்டார்கள். வழக்கு கோர்ட்டில் வருஷக்கணக்கில் இழுத்தது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் விடாமல் அதை நடத்தினார். வட்டியோடு பணம் லட்சக்கணக்கில் பெருகியிருந்தது. கோயில் தர்மங்களுக்கு ஒதுக்கியது போக மிச்சத்தைக் கல்விக்குச் செலவிடலாம் என்று முடிவானது.

1842 ஜனவரி 1-ஆம் தேதி சென்னையில் பள்ளி திறந்தது. வள்ளல் இறந்து 48 வருஷம் கழித்து! மிஷன் பணமும் இல்லை, சர்க்கார் பணமும் இல்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக இங்கிலீஷும் தமிழும் தெலுங்கும் சொல்லித் தந்தார்கள். 1889-இல் அது கல்லூரியாக உயர்ந்து, 1940-இல் சேத்துப்பட்டுக்கு மாறியது. ஆரம்பத்தில் இந்துக்களுக்கு மட்டுமே இடம் தந்த கல்லூரி 1947-இல்தான் எல்லோருக்கும் கதவைத் திறந்தது. அதே 1947-இல் நம் ஊரிலும் கல்லூரி வந்தது.

கணித மேதை ராமானுஜன் 1906-இல் சென்னைப் பச்சையப்பனில் படித்தவர். நம் ஊர் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அறிஞர் அண்ணா, இங்கே பச்சையப்பன் பள்ளியில் படித்து, நடுவில் நகராட்சியில் குமாஸ்தா வேலை பார்த்து, பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் பெற்றார். ராமானுஜன் எஃப்.ஏ. தேறாமல் வெளியே வந்தார் என்பதும் உண்மைதான். ஃபெயில் ஆன நண்பர்கள் மனம் தளர வேண்டாம்!

எங்கள் வீட்டில் தறிக்குழியை விட்டு எழுந்து வந்து டிப்ளமோ படிக்கும் முதல் ஆள் நான். உதவித்தொகை வந்தால்தான் ஃபீஸ் கட்ட முடியும். அதனால் இந்த வரலாறு எனக்குச் சொல்வது இரண்டு விஷயம். கொடுக்கிற மனசு வேண்டும். அது மட்டும் போதாது. கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்று விடாமல் கணக்குக் கேட்கிற ஆளும் வேண்டும். கேட்க ஆள் இல்லாமல் போயிருந்தால் பச்சையப்பர் பணம் எங்கேயோ கரைந்திருக்கும்.

தோழர்களே, நாளை நாம் சம்பாதிக்கும்போது ஒரு பிள்ளையின் ஃபீஸையாவது கட்டுவோம். இன்று, பிள்ளைகளுக்கு வரவேண்டியது வரவில்லை என்றால் கூச்சப்படாமல் கேட்போம். வள்ளலுக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.