ஏரியிடம் பாடம் கற்ற அறிஞர் ஹம்போல்ட்

காடு அழிந்தால் நீர்வளமும் அழியும் என்பதை இன்று தொடக்கப்பள்ளி மாணவரும் அறிவர். இவ்வுண்மையை நேரில் கண்டு, ஆராய்ந்து, உலகிற்கு எடுத்துரைத்த பேரறிஞர் ஒருவரின் வாழ்க்கையை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் 1769-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் பெர்லின் நகரில் பிறந்தார். ஒன்பது வயதிலேயே தந்தையை இழந்தார். இளமையில் பிரஷ்ய அரசின் சுரங்க ஆய்வாளராகப் பணியாற்றியபோது, தொழிலாளர்களின் அறியாமை கண்டு வருந்தி, தம் சொந்தச் செலவில் அவர்களுக்கென ஒரு பள்ளியை நிறுவினார். 1796-இல் தாயார் மறைந்தபின் கிடைத்த பெருஞ்செல்வத்தை அவர் சுகவாழ்விற்குப் பயன்படுத்தவில்லை. அறிவுப் பயணத்திற்கே செலவிட்டார்.

1799-ஆம் ஆண்டு தாவரவியல் அறிஞர் போன்பிளாண்டுடன் தென் அமெரிக்காவிற்குக் கப்பலேறினார். அங்குச் சந்தையில் மனிதரை விற்கும் காட்சியைக் கண்டு மனம் நொந்தார். அடிமை முறையை இறுதிவரை எதிர்த்தார்.

1800-இல் வெனிசுவேலா நாட்டின் வலென்சியா ஏரியை அடைந்தார். ஏரியின் நீர்மட்டம் ஆண்டுதோறும் தாழ்ந்து வந்தது. பூமிக்கடியில் ஏதோ துளை வழியே நீர் வெளியேறுகிறது என்று ஊரார் எண்ணினர். ஹம்போல்ட் சுற்றுப்புறம் முழுவதையும் ஆராய்ந்தார். அவுரியும் கரும்பும் பயிரிடுவதற்காகக் காடுகள் வெட்டப்பட்டிருந்தன. ஓடைகள் வயல்களுக்குத் திருப்பப்பட்டிருந்தன. நிழல் போயிற்று, ஈரம் காய்ந்தது. மழைநீர் மண்ணில் ஊறாமல் வெள்ளமாய்ப் பாய்ந்து மலைச்சரிவின் மண்ணை அரித்துச் சென்றது. குற்றம் பூமியினுடையதன்று, மனிதருடையதே என்று அவர் தெளிந்தார்.

1802-இல் சிம்போராசோ மலையில் ஏறி, உயரத்திற்கேற்பச் செடிகொடிகள் மாறுவதைக் கண்டார். இயற்கை ஒன்றோடொன்று பின்னிய வலை என்னும் கருத்து அவர் உள்ளத்தில் வலுப்பெற்றது. சுமார் 6,000 வகைத் தாவரங்களைச் சேகரித்துக்கொண்டு 1804-இல் ஐரோப்பா திரும்பினார். இந்தியாவைக் காணவும் பெரிதும் விரும்பினார். கிழக்கிந்தியக் கம்பெனி அனுமதி தரவில்லை.

இதற்கிடையே வலென்சியா ஏரியில் ஒரு வியப்பு நிகழ்ந்தது. விடுதலைப் போரில் தோட்டங்கள் கைவிடப்பட்டன; காடு மீண்டும் படர்ந்தது; ஓடைகள் பழைய வழியே பாய்ந்தன. ஹம்போல்ட் கண்டு சுமார் 22 ஆண்டுகளுக்குப் பின் அங்குச் சென்ற பிரெஞ்சு அறிஞர் பூசிங்கோ, ஏரிநீர் உயர்ந்து வருவதைக் கண்டார். கெட்டது திருந்தும் என்பதற்கு ஏரியே சான்றாயிற்று.

மத்திய ஆசியா பற்றி 1843-இல் வெளியிட்ட நூலில், காடழிப்பும், நீரோட்டங்களை மாற்றுதலும், தொழில் நகரங்கள் வெளிவிடும் ஆவியும் வாயுவும் தட்பவெப்பத்தை மாற்றுகின்றன என்று ஹம்போல்ட் சுட்டினார். உலகம் இன்று எதிர்கொள்ளும் இடரை அவர் அன்றே உணர்ந்திருந்தார். செல்வம் அனைத்தையும் பயணத்திற்கும் நூல்களுக்கும் செலவிட்டு, 1859-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், தம் 89-ஆம் வயதில் மறைந்தார்.

ஏரிக்கு வடக்கேயுள்ள மலைக்காடுகளை வெனிசுவேலா அரசு 1937-இல் அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அறிவித்தது. அதற்குப் பாடுபட்ட அறிஞர் ஆன்றி பிட்டியேயின் பெயரை அப்பூங்கா தாங்கி நிற்கிறது. 500-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் அங்கு வாழ்கின்றன. ஏரியோ நகரக் கழிவுகளால் மாசடைந்து, இன்னும் நம் பொறுப்பை நினைவூட்டிக் கொண்டிருக்கிறது.

அன்று ஏரியை மீட்டது போர். அதற்குப் பல்லாயிரம் உயிர்கள் பலியாயின. போரினால் அறியாமல் நிகழ்ந்த நன்மையை நாம் அறிந்தே, அமைதியாகச் செய்ய இயலாதா? வெட்டும் கையை நிறுத்தினால் காடு தானே வளரும். ஹம்போல்டின் வாழ்க்கை நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.