30 வரியில் தொடங்கிய மனிதர்

எங்கள் மின்னியல் வகுப்பில் உயர் தெளிவுத் தொலைக்காட்சியைப் பற்றிப் பேசும் பொறுப்பு எனக்கு வந்தது. 720, 1080 என்ற எண்களை விளக்கிவிட்டு வரலாற்றுக்கு ஒரே ஒரு பக்கம் ஒதுக்கினேன். அதில் ஜான் லோகி பெயர்டின் படத்தைப் போட்டு, 30 வரிகளில் மங்கலான முகம் காட்டியவர், பழைய சுழல்தட்டை விடாமல் பிடித்துக்கொண்டு தோற்றுப்போனவர் என்று சொல்லி முடித்தேன். வகுப்பு சிரித்தது. விரிவுரையாளர் மட்டும் சிரிக்கவில்லை. ஏன் 30 வரி என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடிப்போன போதுதான் அந்த மனிதரின் வாழ்க்கையை முதன்முறையாக முழுமையாகப் படித்தேன்.

தேயிலைப் பெட்டியும் சைக்கிள் விளக்கும்

பெயர்ட் 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் ஸ்காட்லாந்தின் ஹெலன்ஸ்பரோ என்னும் கடலோர ஊரில் பிறந்தார். தந்தை ஒரு பாதிரியார். சிறுவயதிலேயே நண்பர்களின் வீடுகளுக்குக் கம்பி இழுத்துத் தொலைபேசி அமைத்த பிள்ளை அவர். கிளாஸ்கோவில் மின்பொறியியல் பயின்றார். முதல் உலகப் போர் குறுக்கிட்டதால் பல்கலைக்கழகப் பட்டத்தை முடிக்கவில்லை. உடல்நலம் போதாது என்று இராணுவமும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பிழைப்புக்காகக் காலுறை விற்றார். டிரினிடாட் தீவுக்குப் போய் ஜாம் தயாரித்தார். லண்டனில் சவர்க்காரம் விற்றார். எதுவும் நிலைக்கவில்லை.

1923இல் உடல்நலம் தேறுவதற்காக ஹேஸ்டிங்ஸ் என்ற கடற்கரை ஊருக்குச் சென்றார். அங்கேதான் தொலைக்காட்சி ஆய்வைத் தொடங்கினார். தேயிலைப் பெட்டி, தொப்பிப் பெட்டி, சைக்கிள் விளக்கின் வில்லை, அரக்கு ஆகியவைதாம் அவருடைய கருவிகள். 1924இல் உயர் மின்னழுத்தம் தாக்கி மயிரிழையில் தப்பினார். இடத்தின் உரிமையாளர் அவரை வெளியேறச் சொல்லிவிட்டார். லண்டனின் சோஹோ பகுதியில் ஒரு மாடியறைக்கு இடம் மாறினார்.

அவர் பயன்படுத்திய சுழல்தட்டு, பால் நிப்கோ என்ற ஜெர்மானியர் 1884இல் கண்ட கருத்து. வட்டத்தட்டில் சுருள் வடிவில் துளைகள் இருக்கும். தட்டு சுழலும்போது ஒவ்வொரு துளையும் படத்தின் மீது ஒரு வரியை வருடிச் செல்லும். 30 துளை என்றால் 30 வரி. 1925 அக்டோபர் 2ஆம் நாள் ஒரு பேசும் பொம்மையின் தலை வெளிச்சமும் நிழலுமாகத் திரையில் தெரிந்தது. பெயர்ட் உடனே கீழே ஓடி, அங்கே வேலை செய்த 20 வயது இளைஞர் வில்லியம் டெய்ன்டனை அழைத்துவந்து கருவியின் முன் உட்கார வைத்தார். 1926 ஜனவரி 26ஆம் நாள் ஏறக்குறைய 40 அறிஞர்கள் அந்த மாடியறைக்கு வந்து பார்த்துச் சென்றனர்.

ஏன் 30?

1929 செப்டம்பரில் பிபிசி தன் ஒலிபரப்பி வழியாகப் பெயர்டின் படங்களை அனுப்ப இசைந்தது. ஆனால் அது வானொலிக்கென அமைந்த மத்திய அலை. பேச்சும் பாட்டும் செல்லும் அந்தப் பாதையின் அகலம் சுமார் 10,000 ஹெர்ட்ஸ் மட்டுமே.

பெயர்டின் படம் நிமிர்ந்த வடிவம் கொண்டது. அகலம் 3 பங்கு, உயரம் 7 பங்கு. வரிகளும் மேலிருந்து கீழாக ஓடின. ஒரு முகத்தைக் காட்ட அந்த வடிவம் போதும். அகலத்தில் 30 வரி என்றால் ஒவ்வொரு வரியிலும் 70 புள்ளி. மொத்தம் 2,100 புள்ளி. நொடிக்குப் பன்னிரண்டரைப் படம் அனுப்பினால் 26,250 புள்ளி. ஓர் அலைச்சுற்றில் இரண்டு புள்ளிகளை அனுப்பலாம் என்பதால் ஏறத்தாழ 13,000 ஹெர்ட்ஸ் தேவை. அதாவது 30 வரியே அந்தப் பாதைக்குக் கொஞ்சம் அதிகம்! வரிகளை இரண்டு மடங்காக்கினால் புள்ளிகள் நான்கு மடங்காகும். வழியே இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. 30 என்பது அவருடைய அறிவின் எல்லை என்று நினைத்துவிட்டேன். அது அவருக்குக் கிடைத்த பாதையின் எல்லை.

240க்கும் 405க்கும் போட்டி

உயர் தெளிவு என்ற சொல்லை நம் காலத்துச் சொல் என்றுதான் எண்ணியிருந்தேன். 1935இலேயே பிரிட்டிஷ் அரசு அமைத்த குழு அச்சொல்லுக்கு அளவு சொல்லிவிட்டது. குறைந்தது 240 வரி, நொடிக்கு 25 படம் இருந்தால் அது உயர் தெளிவு. இதற்காக மத்திய அலையை விட்டு, அகலமான பாதை கிடைக்கும் மிகக் குறுகிய அலைகளுக்கு மாறினார்கள்.

1936 நவம்பர் 2ஆம் நாள் லண்டன் அலெக்சாண்டிரா அரண்மனையிலிருந்து ஒளிபரப்பு தொடங்கியது. இரண்டு முறைகள் மாறி மாறி இயங்கின. பெயர்டின் முறையில் 240 வரிகளும் ஒரே வீச்சில், நொடிக்கு 25 முறை வரும். ஐசக் ஷோன்பெர்க் தலைமையில் மார்க்கோனி-இ.எம்.ஐ. உருவாக்கிய முறையில் 405 வரி. முதலில் ஒற்றைப்படை வரிகள், பிறகு இரட்டைப்படை வரிகள் என நொடிக்கு 50 அரைப்படங்கள் வரும். இதனால் கண்ணுக்குச் சிமிட்டல் குறைந்தது.

இன்றைய 720, 1080 வேறுபாடும் இதே கதைதான். 720 என்பது முழுப்படம். 1280 பெருக்கல் 720, அதாவது 9,21,600 புள்ளி ஒரே வீச்சில் வரும். ஒளிபரப்பில் 1080 பெரும்பாலும் அரைப்படங்களாக வரும். ஒரு வீச்சில் 1920 பெருக்கல் 540, அதாவது 10,36,800 புள்ளி. எண்ணில் தெரியும் அளவுக்கு வேறுபாடு பெரிதல்ல. வேகமாக ஓடும் பந்துக்கு முழுப்படமும், அசையாத காட்சியின் நுணுக்கத்துக்கு 1080உம் பொருந்தும். எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

பெயர்டின் உண்மையான சிக்கல் கேமராவில் இருந்தது. காட்சியைத் திரைப்படச் சுருளில் எடுத்து, ஒரு நிமிடத்திற்குள் கழுவி, ஈரம் காயும் முன்பே வருடி அனுப்ப வேண்டும். அந்தக் கேமராவை நகர்த்த முடியாது. எதிரணியின் எமிட்ரான் மின்னணுக் கேமராவோ தோட்டம் வரை சென்றது. அதே நவம்பர் 30ஆம் நாள் கிறிஸ்டல் பேலஸ் தீப்பற்றி எரிந்தபோது, அங்கிருந்த பெயர்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடங்களும் பெரும்பாலும் அழிந்தன. 1937 பிப்ரவரியில் 405 வரி முறை மட்டுமே நிலைத்தது. பிரிட்டனில் அது 1985 வரை நீடித்தது.

தோல்விக்குப் பிறகு

என் கதையை நான் இங்கே முடித்திருந்தேன். அவர் முடிக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 48. 1939இல் போர் மூண்டதும் ஒளிபரப்பு நின்றது, நிறுவனமும் வீழ்ந்தது. லண்டனில் தம் வீட்டிலேயே சொந்தப் பணத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். 1944 ஆகஸ்டு 16ஆம் நாள் அவர் காட்டிய டெலிகுரோம் குழாய் முழுக்க மின்னணு முறையில் இயங்கியது. 600 வரி, வண்ணப் படம். அதில் சுழல்தட்டு இல்லை! எந்த மின்னணு முறை அவரைத் தோற்கடித்ததோ அதையே கற்று, அதில் ஒரு படி முன்னே போயிருந்தார்.

போருக்குப் பிந்தைய ஒளிபரப்பைத் திட்டமிட்ட ஹேங்கி குழுவிடம் 1000 வரி வண்ணத் தொலைக்காட்சி வேண்டும் என வலியுறுத்தினார். குழுவும் எதிர்காலத்துக்கு அந்த அளவை நோக்கியே பரிந்துரைத்தது. அதை நிறைவேற்றப் பணமும் இல்லை, அவருக்குக் காலமும் இல்லை. 1946 ஜூன் 7ஆம் நாள் பிபிசி தொலைக்காட்சி அதே பழைய 405 வரியில் மீண்டும் தொடங்கியது. ஏழு நாள் கழித்து, ஜூன் 14ஆம் நாள், பெக்ஸ்ஹில் ஊரில் பெயர்ட் தம் 57ஆவது வயதில் காலமானார்.

1963இல் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தொலைக்காட்சி வந்தபோது 625 வரிதான். அதிலும் படமாகக் கண்ணுக்குத் தெரிந்தவை 576. ஆயிரத்தைத் தாண்டிய வரிகள் நம் வீட்டுக்கு வர, அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அடுத்த வாரம் விரிவுரையாளரிடம் அனுமதி பெற்று அந்தப் பக்கத்தைத் திருத்தி வகுப்பில் மீண்டும் காட்டினேன். தோற்றவர் என்ற சொல்லை எடுத்துவிட்டேன். பெயர்டின் படத்துக்குக் கீழே நான்கு எண்கள் மட்டும் இருந்தன: 30, 240, 600, 1000. இம்முறை யாரும் சிரிக்கவில்லை.